மேல்நோக்கி விழும் ஆப்பிள்: இந்தக் கொடூரமான கேம்களை ஏன் ஆடுகிறோம்?

கரிசல்காடு:

மூன்று வாரமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே கேம்தான். "ஐ வானா பி த கை". 2007 அக்டோபரில் கேயின் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் தனியாளாக உருவாக்கி இலவசமாக வெளியிட்டது. மாரியோ, மெகா மேன், ஸெல்டா, காசில்வேனியா என்று பழைய கேம்களிலிருந்து படங்களையும் ஒலிகளையும் எடுத்துக் கோத்த ரசிகர் படைப்பு. அவற்றை ஆடி வளர்ந்தவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் சொந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கிய மாதிரி இருக்கும். அந்த நினைப்போடு நாலு எட்டு வைத்தால் செத்துவிடுவீர்கள்.

தெரியாதவர்களுக்காக ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே ஆப்பிள் மரங்கள் வரும். கீழே நடந்தால் பழம் தலையில் விழுந்து பையன் சிதறிப்போவான். சரி, பழம் விழும் என்று தெரிந்துகொண்டோம். அடுத்த முறை அதை விழவைத்துவிட்டு ஒதுங்கிப் போகிறோம். அப்புறம் பழங்களுக்கு மேலாகத் தாவிப் போகவேண்டிய இடம் வருகிறது. விழுகிற பொருளுக்கு மேலே இருக்கிறோமே, இனி என்ன பயம் என்று தாவினால், பழம் மேல்நோக்கி விழுகிறது. கீழே இல்லை, மேலே. பெரிய எழுத்தில் கேம் ஓவர். ஆர் பட்டனை அழுத்தினால் மறுபடியும் சேவ் செய்த இடத்திலிருந்து.

போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பையன் ஒரே இடத்துல செத்துக்கிட்டே இருக்கான். உனக்கு இதுல என்னடா கிடைக்குது?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வீம்பு என்று சொல்லலாம், ஆனால் வீம்பு மூன்று வாரம் தாங்காது. இங்கே இந்த மாதிரி கேம்கள் ஆடுகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

சும்மாதான்:

நான் ஆடாதவன், அதனால் எதிர்க்கட்சியாகவே பேசிவிடுகிறேன். முதல் மாரியோ கேமின் முதல் லெவலை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் பையன், வலப்பக்கம் வெட்டவெளி. நடந்தால் கூம்பா என்ற சின்ன எதிரி ஒன்று எதிரே வருகிறது. தாவவில்லை என்றால் சாவோம், தாவினால் பிழைப்போம். ஒரு வார்த்தை எழுதாமல் கேம் தன்னைத் தானே கற்றுக்கொடுக்கிறது. நல்ல வடிவமைப்பு என்றால் எனக்கு அதுதான்.

மேல்நோக்கி விழும் ஆப்பிள் என்ன கற்றுக்கொடுக்கிறது? முன்கூட்டி ஊகிக்க வழியே இல்லாத ஒன்றால் ஒருவனைக் கொல்வது கடினம் ஆகாது, அநியாயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது.

நிலவன்:

சும்மாதான் ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கடினமும் அநியாயமும் வேறு வேறுதான். ஆனால் அந்த ஆப்பிள் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொஞ்சம் பின்னணி. 2007 ஒரு விசித்திரமான ஆண்டு. ஜப்பானில் வெள்ளைப் பூனையை வைத்துச் செய்த "ஷோபோன் ஆக்‌ஷன்" அந்த ஆண்டுதான் வந்தது. நம் ஊரில் பலர் கேட் மாரியோ என்று ஆடியிருப்பார்கள். வெறும் எழுத்துக்குறிகளால் ஆன ஓர் உருவத்தை ஓடவிடும் "ஓவட்டா" என்ற ஃபிளாஷ் கேமும் அதே காலத்தில் ஜப்பானிய இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் கேயின் தன் கேமைத் தொடங்கினார். சூப்பர் மாரியோ வேர்ல்டை மாற்றிச் செய்த கைஸோ மாரியோவும் அதே 2007.

இவை எல்லாவற்றிலும் ஒரே சூத்திரம்: ஆடுகிறவருடைய பழக்கமே பொறி. நாணயம் மிதந்தால் எடுக்கப் போவோம், கேள்விக்குறிப் பெட்டி இருந்தால் முட்டுவோம், மேடை இருந்தால் ஏறி நிற்போம். இருபது வருடம் விரலில் ஊறிய பழக்கம். இதுவரை ஒரு கேமும் ஆடாதவரை அந்த மரத்தடியில் கொண்டுவந்து விட்டால் அந்த அதிர்ச்சி கிடைக்காது. அவருக்கு அது இன்னொரு சாவு, அவ்வளவுதான். பழம் மேல்நோக்கிப் பாயும்போது நமக்கு மட்டும் அது ஒருவருடைய குரலாகக் கேட்கிறது. "நீ இங்கே தாவுவாய் என்று எனக்குத் தெரியும்" என்கிற குரல். நான் முதல் முறை செத்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ராத்திரி ஒரு மணி, ஹாஸ்டல் அறை, பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் எழுந்துவிட்டான்.

மாரியோவின் முதல் லெவல் ஆடத் தெரியாதவரிடம் பேசுகிறது. இந்த ஆப்பிள் ஆடத் தெரிந்தவரிடம் பேசுகிறது. இரண்டும் கற்பித்தல்தான்.

இன்னொன்று. இந்த கேமின் பெயரைத் தமிழில் எழுதினால் "கை" என்று முடிகிறது, கவனித்தீர்களா? எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. கடைசியில் எல்லாம் கையில்தான் வந்து நிற்கிறது.

தேன்மொழி:

ஆடுவதைவிட உருவாக்குவதில்தான் எனக்கு ஈடுபாடு. 1990-இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டை லூனார் மேஜிக் என்ற மென்பொருளில் திறந்து லெவல்களை மாற்றுவேன். ஆறு வருடமாகச் செய்கிறேன். நிலவன் அந்தக் குரலைப் பற்றிச் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

"கைஸோ" என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் மாற்றியமைத்தல் என்றுதான் பொருள். கொடூரம் என்றோ கடினம் என்றோ அதில் ஒன்றும் இல்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? டகேமோட்டோ என்பவர் சூப்பர் மாரியோ வேர்ல்டை மாற்றித் தன் நண்பரை ஆடவைத்து, அதைப் படம்பிடித்து வெளியிட்டார். அந்த வீடியோக்களின் தலைப்பே "நான் மாற்றிய மாரியோவை என் நண்பனை ஆடவைக்கிறேன்" என்ற மாதிரிதான் இருக்கும். உலகமே கொடூரத்தின் உச்சம் என்று கொண்டாடிய ஒன்று, ஒரே ஒரு நண்பருக்காகச் செய்யப்பட்டது. வெளியார் பார்த்துவிட்டுக் "கைஸோ" என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "நண்பன்" என்பதை விட்டுவிட்டார்கள். அந்த விடுபட்ட சொல்லில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இது ஏதோ தற்செயலும் இல்லை. இன்று கைஸோ ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த "கிராண்ட் பூ வேர்ல்ட்" வரிசையைப் பாருங்கள். பார்பரஸ் கிங் என்ற படைப்பாளி, கிராண்ட் பூ பேர் என்ற ஆட்டக்காரருக்காகச் செய்தது அது. பெயரிலேயே யாருக்காக என்பது இருக்கிறது.

உருவாக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளத்தை வைக்கிறேன். ஆடுகிறவர் எங்கே நின்று தாவுவார், எந்த உயரத்தில் தலை வரும் என்று யோசிக்கிறேன். சரியாக அந்தப் புள்ளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைத்தால் தலை முட்டிப் பள்ளத்தில் விழுவார். கைஸோ பிளாக் என்பது இதுதான். ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்தால் அவர் முட்டவே மாட்டார், அப்படி ஒரு பெட்டி இருந்ததே அவருக்குத் தெரியாமல் போய்விடும். அந்தக் கட்டத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க, முகம் தெரியாத ஒருவருடைய கால் எங்கே படும் என்று நான் மணிக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரைப் பற்றிக்கூட நான் இவ்வளவு யோசித்தது கிடையாது.

அப்புறம், வைத்த எல்லாவற்றையும் நானே தாண்டியாக வேண்டும். நாற்பது நொடி ஓடுகிற ஒரு லெவலைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிருக்கிறது.

சும்மாதான் ஐயாவின் கவலைக்கும் ஒரு பதில் உண்டு. இப்போதைய கைஸோ பழைய கைஸோ இல்லை. முன்பெல்லாம் பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேவ் செய்துகொண்டே ஆடுவார்கள் என்று வைத்துத்தான் லெவலை அமைப்பார்கள். இன்று செத்த கணமே திரும்ப நிறுத்துகிற ரீட்ரை பேட்சைச் சேர்க்கிறோம், நடுவழிப் புள்ளிகள் வைக்கிறோம். எங்கே தாவ வேண்டும் என்று நாணயங்களை வரிசையாக வைத்துக் காட்டுகிறோம். தெரியாத பெட்டிகளைக் குறைத்துவிட்டோம். வழி கண்ணெதிரே இருக்கும், போவதுதான் பாடு.

கரிசல்காடு:

தேன்மொழி, இது எனக்குத் தெரியாது. நண்பனுக்காகச் செய்தது என்று ஒரு முறைகூடக் கேள்விப்பட்டதில்லை. அக்காவுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

சும்மாதான்:

நண்பர் கதை நெஞ்சைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனாலும் என் கேள்வி வேறு இடத்தில் நிற்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு நாளில் எனக்கென்று கிடைப்பது முக்கால் மணி நேரம். அதை ஒரே பள்ளத்தில் இருநூறு முறை விழுவதற்குக் கொடுத்தால், படுக்கப் போகும்போது கையில் என்ன மிஞ்சும்? கதை முன்னேறவில்லை, புதிதாக ஓர் இடம் பார்க்கவில்லை. இதை ஆடுகிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியவில்லை.

நிலவன்:

நியாயமான கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சாவின் விலை. ஆர்கேட் காலத்தில் செத்தால் காசு போகும். வீட்டு கேம்களில் மூன்று உயிர், போனால் ஆரம்பத்துக்குத் திரும்பு. நாம் டிவியில் மாட்டி ஆடிய கேசட் கேம்களில் சேவ் என்பதே கிடையாது, மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. சாவு என்றால் பெரிய நஷ்டம் என்ற பயம் அங்கிருந்து வந்தது. இந்த ரசிகர் கேம்களில் ஆர் அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் சேவ் செய்த இடத்தில் நிற்போம். உயிர்களுக்குக் கணக்கே இல்லை. எண்ணிக்கை மட்டும் ஓரத்தில் ஏறிக்கொண்டிருக்கும். விலை இல்லாமல் போனதும் சாவு தண்டனையாகத் தெரிவதில்லை, இன்னொரு முயற்சியாகத்தான் தெரிகிறது. 2010-இல் வந்த "சூப்பர் மீட் பாய்" இதை அழகாகக் காட்டியது. ஒரு லெவலை முடித்ததும் நீங்கள் செத்த அத்தனை முயற்சிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிடும். ஐம்பது பேர் சேர்ந்து கிளம்புவார்கள், ஒவ்வொருவராக உதிர்வார்கள், ஒருவன் மட்டும் போய்ச் சேருவான். அந்த ஐம்பதும் நீங்கள்தான்.

அடுத்தது, அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது. கேயினுக்குப் பிறகு "ஐ வானா" என்று தொடங்கும் ஆயிரக்கணக்கான கேம்களை ரசிகர்கள் செய்துவிட்டார்கள். பெரும்பாலானவை கேம்மேக்கர் என்ற மென்பொருளில், ஏறக்குறைய ஒரே இயக்க விதிகளோடு செய்தவை. நொடிக்கு 50 ஃபிரேம், அதாவது 50 படம். பையன் ஒரு ஃபிரேமுக்கு 3 பிக்சல் நகர்வான். அவன் உடம்பாகக் கணக்கில் எடுக்கப்படுவது 11 பிக்சல் அகலம், 21 பிக்சல் உயரம். ஒரு முள் 32 பிக்சல். தாவும் பட்டனை விட்ட கணத்தில் மேலே போகும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டாவது தாவல் முதல் தாவலைவிடச் சிறியது. இவ்வளவுதான் உலகம். ஆடிக்கொண்டே இருந்தால் இந்த எண்களைத் தெரியாதவருக்கும் விரலில் இவை இறங்கிவிடும்.

முள்ளை மட்டுமே வைத்துச் செய்கிற இந்த வகையை நீடில் என்கிறோம். இதில் பொறி இல்லை, ஒளிவுமறைவு இல்லை. திரை முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு முட்கள் முனையோடு முனை பார்த்து நிற்கும் இடைவெளிக்கு கேட் என்று பெயர். என்னை ஒரு கேட் நான்கு நாள் நிறுத்தியது. முதல் நாள் எங்கு சாகிறேன் என்றே தெரியவில்லை. இரண்டாம் நாள் தெரிந்தது: எப்போதும் மேல் முள்ளில் தலை உரசுகிறது. அதாவது பட்டனை ஒரு ஃபிரேம் கூடுதலாகப் பிடித்திருக்கிறேன். ஒரு ஃபிரேம் என்றால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. மூன்றாம் நாள் அதைச் சரிசெய்தேன், இப்போது கீழ் முள். விளங்காமல் உட்கார்ந்திருந்தபோது ஒன்று பிடிபட்டது. பையன் மூன்று மூன்று பிக்சலாகத்தானே நகர்கிறான்? அப்படியானால் நான் கிளம்பும் இடத்தைப் பொறுத்து, சில பிக்சல்களில் என்னால் நிற்கவே முடியாது. தாவல் சரியாக இருந்தும் கிளம்பிய இடம் தப்பு. திரும்பி இடதுபக்கச் சுவரில் ஒரு முறை ஒட்டி நின்றுவிட்டு வந்தால் அந்தக் கணக்கு மாறும். மாற்றினேன். பதினோராவது முயற்சியில் போய்விட்டேன்.

ஐயா கேட்டது, படுக்கப் போகும்போது என்ன மிஞ்சும் என்று. அன்றைக்கு எனக்கு மிஞ்சியது: காலையில் என் கை செய்யத் தெரியாதிருந்த ஒன்றை ராத்திரி செய்தது. நாதஸ்வரமோ மிருதங்கமோ பழகுகிறவர்கள் வீட்டில் ஒரே சொல்லை நூறு முறை வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டாருக்கு அது ஒரே சொல்தான். வாசிக்கிறவருக்கு நூறும் வேறு வேறு.

மார்கழி:

நிலவன் அண்ணா, அந்த மூன்று பிக்சல் விஷயம் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. "செலஸ்ட்" வழியாக இந்தப் பக்கம் வந்தவள். அது 2018-இல் வந்த கேம், ரசிகர் படைப்பு இல்லை. ஆனால் அதற்கு ரசிகர்கள் செய்த மாற்று லெவல்கள் அசல் கேமைவிடப் பல மடங்கு பெரிய உலகம். 2023-இல் வந்த "ஸ்ட்ராபெரி ஜாம்" தொகுப்பில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட லெவல்கள். தொடக்கக்காரர் வரிசையில் ஆரம்பித்து, மனிதர்களால் ஆகுமா என்று கேட்கவைக்கும் வரிசைவரை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். செலஸ்டில் விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் 0.1 நொடிவரை தாவவிடும். நமக்குத் தெரியாமலே மன்னித்துக்கொண்டிருக்கும். "ஐ வானா" கேம்களில் அந்த மன்னிப்புக் கிடையாது, விளிம்பு என்றால் விளிம்பு. இரண்டும் ஆடிப் பார்த்ததில் எனக்கு இரண்டுமே அன்பாகத்தான் தெரிகிறது. முதலாவது அம்மா மாதிரி, இரண்டாவது கணக்கு வாத்தியார் மாதிரி.

தேன்மொழி:

மார்கழி சொன்னது அழகு. தொடக்கக்காரர் வரிசையிலிருந்து அடுக்குவது மிக முக்கியம், பழைய கைஸோவில் அந்தப் படிக்கட்டே இல்லை.

எல்லாவற்றையும் நானே தாண்டியாக வேண்டும் என்று முன்பு எழுதினேன். அதன் கனம் எனக்கு முழுதாகப் புரிந்தது 2024-இல்தான். சூப்பர் மாரியோ மேக்கர் 2015-இல் வீ யூ கருவிக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் லெவல் செய்து எல்லோருக்கும் வெளியிட முடிந்தது, ஒரே நிபந்தனை: வெளியிடும் முன் செய்தவரே அதை ஒரு முறை முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. எவ்வளவு கொடூரமானாலும், ஒரு மனிதக் கை இதைச் செய்திருக்கிறது என்ற உத்தரவாதம் அதில் இருக்கிறது.

2024 ஏப்ரல் 8 அன்று அதன் இணையச் சேவை மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. "டீம் ஸீரோ பர்சென்ட்" என்று ஒரு குழு உண்டு. உருவாக்கியவரைத் தவிர வேறு யாரும் முடிக்காத லெவல்களைத் தேடித் தேடி முடிப்பதே அவர்கள் வேலை. மூடுவதற்குள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று இறங்கினார்கள். அவர்கள் கணக்கெடுத்த பட்டியல் பல ஆயிரங்களிலிருந்து நூறுகளாகி, பத்துகளாகி, மார்ச் மாதத்தில் இரண்டில் வந்து நின்றது. அவற்றில் "த லாஸ்ட் டான்ஸ்" என்ற லெவல் முடிந்தது. கடைசியாக "ட்ரிம்மிங் த ஹெர்ப்ஸ்" மட்டும்.

அது அரை நிமிடம்கூட ஓடாத லெவல். உலகின் மிகச் சிறந்த கைகள் அதில் நாள்கணக்காக மோதிக்கொண்டிருந்தன. நான் வேலை முடிந்து வந்ததும் நேரலையைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சமைப்பேன். குக்கர் விசில் சத்தத்தைவிட அந்த மாரியோ சாகும் சத்தம்தான் அந்த நாட்களில் எனக்கு நினைவில் இருக்கிறது. அப்போதுதான் அதை உருவாக்கியவரே வெளியே வந்து, கையால் முடித்து வெளியிடவில்லை, பட்டன் அழுத்தங்களை முன்கூட்டி எழுதி ஒரு கருவி வழியாகச் செலுத்தித்தான் முடித்துக் காட்டினேன் என்று ஒப்புக்கொண்டார். குழு அதைப் பட்டியலிலிருந்து நீக்கி, த லாஸ்ட் டான்ஸோடு வேலை முடிந்தது என்று அறிவித்தது.

பல பேருக்கு அது வெறும் செய்தி. எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. ஏன் என்று யோசித்தேன். லெவல் மாறவில்லை, அதே முட்கள், அதே இடைவெளி. ஆனால் மறுபக்கம் ஓர் ஆள் நிற்கிறார் என்று நம்பித்தானே அத்தனை பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள்? "நான் தாண்டினேன், நீயும் வா" என்று சொன்ன குரல் அது. அங்கே ஆளே இல்லை என்று தெரிந்தபோது, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடிப் போய்ப் பூட்டிய வீட்டு வாசலில் நின்ற மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. பட்டியலில் இல்லை, கட்டாயமும் இல்லை என்று ஆன பிறகும் சிலர் விடவில்லை. ஏப்ரல் 5 அன்று, மூடுவதற்கு மூன்று நாள் இருக்கையில், ஸானிக்ஸ் என்ற ஆட்டக்காரர் அதைக் கையாலேயே முடித்தார்.

சும்மாதான்:

இரண்டு முறை படித்தேன். ஒரு கேள்வி மட்டும். ஒருவர் முடித்துவிட்டார் என்றால் அது முடியக்கூடியதுதான். அப்படியானால் உருவாக்கியவர் செய்தது பெரிய குற்றம் இல்லை என்று ஆகிவிடுமா?

தேன்மொழி:

ஆகாது என்றுதான் நினைக்கிறேன். வாக்கு வாக்குதான். ஆனால் அவர் ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். சொல்லாமலே இருந்திருந்தால் ஒருவேளை யாருக்கும் தெரிந்திருக்காது. ஸானிக்ஸ் முடித்ததை நான் வேறு மாதிரி பார்க்கிறேன்: காலியாக இருந்த அந்த மறுபக்கத்தில் இப்போது உண்மையாகவே ஓர் ஆள் நிற்கிறார்.

நிலவன்:

இதையெல்லாம் ரசிகர்கள்தான் செய்ய முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாரியோவின் இரண்டாம் பாகமாக 1986-இல் ஜப்பானில் வந்த கேம் முதல் லெவலிலேயே நஞ்சுக் காளானைக் கொடுக்கும். சில குறுக்குவழிகள் முன்னே கொண்டுபோகாமல் பின்னால் தள்ளிவிடும். அமெரிக்காவுக்கு இது வேண்டாம் என்று வேறொரு கேமைத்தான் அனுப்பினார்கள். விற்கிற பொருளுக்கு அந்தக் கவலை இருந்தே தீரும். அடுத்தவருடைய பாத்திரத்தை வைத்துச் செய்த ரசிகர் கேமை விற்கவே முடியாது. விற்க முடியாததால் யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. பத்துப் பேர் ஆடினால் போதும், அந்தப் பத்துப் பேருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தால் போதும்.

கரிசல்காடு:

நான்கு நாளாக எழுதவில்லை, காரணம் இருக்கிறது.

இந்த இழையை என் தம்பியும் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். பதினொன்றாம் வகுப்பு. என்னிடம் சொல்லாமல் கேம்மேக்கரில் உட்கார்ந்து ஒரே ஒரு திரையை மட்டும் செய்து, வெள்ளிக்கிழமை ராத்திரி கணினியை என் பக்கம் திருப்பிவைத்தான். "ஆடு" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

பார்க்கச் சாதாரணமான திரை. நாலு மேடை, கொஞ்சம் முள், வலது ஓரத்தில் வெளியே போகும் வழி. முதல் மேடையில் இறங்கினேன், தரையிலிருந்து ஒரு முள் பாய்ந்து செத்தேன். சரி, இங்கே பொறி இருக்கிறது என்று அதைத் தவிர்த்துவிட்டு இரண்டாம் மேடைக்குப் போனேன். அங்கேயும் இறங்கின உடனே முள். மூன்றாவதிலும் அப்படியே. எதை வைத்து முள் வருகிறது என்று பிடிபடவே இல்லை. ஒரு முறை முதல் மேடையில் வராது, மறுமுறை வரும். நாற்பது சாவு இருக்கும். தம்பி வாயைத் திறக்கவில்லை.

பால் கொண்டுவந்த அம்மாவை, நீங்கள் கொஞ்சம் ஆடுங்கள் என்று உட்காரவைத்தான். அம்மா தொலைபேசியில் சீட்டு விளையாட்டைத் தவிர எதுவும் ஆடியதில்லை. எந்த பட்டன் எது என்று சொல்லிக்கொடுத்தான். அம்மா பள்ளத்தில் விழுந்தார், நேராக முள்ளில் போய் நின்றார், சுவரைப் பார்த்துத் தாவினார். எல்லா விதத்திலும் செத்தார். ஆனால் அந்தத் தரை முள் அம்மாவுக்கு ஒரு முறைகூட வரவில்லை. மேடையில் இறங்குவார், நிற்பார், யோசிப்பார், போவார்.

அப்போதுதான் விளங்கியது. நான் ஒரு மேடையில் இறங்கியதும் அனிச்சையாக ஒரு சின்னத் தாவல் தாவுகிறேன். தேவையே இல்லாத தாவல், கால் சரியாகப் பதிந்ததா என்று பார்க்கிற மாதிரி. இருபது வருடமாக எல்லா கேமிலும் அப்படித்தான் ஆடுகிறேன் போலிருக்கிறது, எனக்கே தெரியாது. தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து என் பின்னால் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தவன். இறங்கி அரை நொடிக்குள் தாவினால் மட்டும் முள் வரும்படி எழுதியிருக்கிறான். உலகத்தில் வேறு யாரையும் பிடிக்காத பொறி. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது.

அந்தத் தாவலை நிறுத்த ராத்திரி பன்னிரண்டரை வரை ஆகிவிட்டது. விரல் கேட்கவே மாட்டேன் என்கிறது. நான்காம் மேடையைத் தாண்டி வெளியே வந்தபோது சாவு எண்ணிக்கை 163. தம்பி தூங்கிவிட்டிருந்தான். எழுப்பிக் காட்டினேன்.

அக்காவிடம் தொலைபேசியில் இதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்கு ஒண்ணு செய்யச் சொல்லுடா அவன்கிட்ட" என்றாள்.

மார்கழி:

கரிசல்காடு அண்ணா, தம்பி அந்தக் கோப்பை வெளியிடுவாரா? யாரையும் பிடிக்காது என்றாலும் பரவாயில்லை, ஒரு முறை ஆடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கரிசல்காடு:

கேட்டேன். "அது உனக்கு" என்று சொல்லிவிட்டான். வேறு ஒன்று செய்கிறேன் என்றிருக்கிறான்.

சும்மாதான்:

சரி, நான் ஒன்று ஆடிப் பார்க்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? கை வலி கொஞ்சம் உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

நிலவன்:

கை வலி இருந்தால் நீடில் பக்கம் இப்போதைக்கு வேண்டாம், ஐயா. கேயினின் முதல் கேமையே எடுங்கள். மீடியம் என்ற அளவைத் தேர்ந்தெடுத்தால் சேவ் புள்ளிகள் அதிகம் கிடைக்கும், அதில் தயக்கமே வேண்டாம். தாவுவதற்கு ஷிஃப்ட், சுடுவதற்கு இஸட். சேவ் புள்ளியைச் சுட்டால்தான் சேவ் ஆகும், தொட்டால் ஆகாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து கையை உதறிவிட்டு வாருங்கள். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள்.

தேன்மொழி:

அப்புறம் யூடியூபில் வழி பார்க்காதீர்கள். ஒவ்வொரு பொறியும் ஒரு முறைதான் உங்களோடு பேசும்.

சும்மாதான்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். தினமும் முக்கால் மணி நேரம், பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஆப்பிள் மேலே பாயும் என்று இந்த இழையிலேயே படித்துவிட்டுத்தான் போனேன், தெரிந்தும் செத்தேன். விழுகிற பழத்துக்கு மேலே இருந்தால் பயமில்லை என்று உடம்பு அவ்வளவு உறுதியாக நம்புகிறது. நிலவன் சொன்ன சிரிப்பு எனக்கும் வந்தது. மனைவி எழுந்து வந்து என்ன என்று கேட்டாள், ஆடிக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

இப்போது ஒரு புதுத் திரையில் நிற்கிறேன். ராத்திரி நேரம் மாதிரி இருக்கிறது, முள் எதுவும் தெரியவில்லை. மேலே வானத்தில் பெரிய நிலா ஒன்று. அதன் கீழே நடந்துபோகலாமா?

நிலவன்:

போங்கள் ஐயா.